மழைக்கு அந்தப் பக்கம்

பாடச் சொன்னதும் பொன்னையா அழுதுவிட்டார்.

பொலிஸ் நிலையத்தின் பின்னறையில், கம்பிகளுக்கு அந்தப் பக்கம், பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார் அவர். கினிகத்தேனை பேக்கரி ஒன்றில் மாவு பிசைகிறவர். நகக்கண்களில் இன்னும் மாவு காய்ந்திருந்தது.

"பாட்டெல்லாம் எனக்கு வராதுங்க ஐயா. கோயில்ல பஜனை பாடும்போதுகூட வாய மட்டுந்தான் அசைப்பேன்."

"சரி, பாட வேணாம். வாயத் தொறங்க," என்றார் அழகுமுத்து.

பொன்னையா திறந்தார். அழகுமுத்து பல் வைத்தியரைப் போலத் தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தார். வெற்றிலைக் கறை. ஒன்றிரண்டு ஓட்டைகள். தங்கப் பல் எதுவும் இல்லை.

"வெள்ளிமலைத் தோட்டத்து டிஸ்பென்சர் செல்லசாமிய உங்களுக்குத் தெரியுமா?"

"அதையேதான் எல்லாரும் கேக்குறாங்க. சத்தியமா தெரியாதுங்க. சனிக்கிழம வேலை முடிச்சு ரூமுக்குப் போனேன். ஞாயித்துக்கிழம பூராவும் படுத்துக் கெடந்தேன். பாத்தவங்க யாருன்னு கேட்டு அடிக்கிறாங்க." பொன்னையா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "என்னைய யாருங்க பாக்கப் போறாங்க?"

பொலிஸில் சார்ஜன் வேலையை விட்ட பிறகு, அட்டன் பஜாரில் ஒரு துணிக்கடையின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் என்று பலகை மாட்டி, அதன் பின்னறையிலேயே குடியிருக்கிறவர் அழகுமுத்து. போன ஞாயிற்றுக்கிழமை அவரும் படுத்துத்தான் கிடந்தார். அவரையும் யாரும் பார்க்கவில்லை.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. 1959ஆம் வருட ஜூன் மாதம். மேற்கு மலைகளில் மேகம் இறங்கினால் மாதக் கணக்கில் எழுந்திருக்காது. உதவியாளன் மக்பூல் பழைய ஆஸ்டின் காரின் கதவைத் திறந்துவிட்டான்.

"ஏறுங்க சார்ஜன். வெளிய நின்னா ஒரு மழைதான். நம்ம காருக்குள்ள ரெண்டு மழை."

மக்பூல் முன்பு லொறி ஓட்டியவன். வாய் ஓயாது. அழகுமுத்து அவனை வைத்திருந்ததற்கு அவனுடைய மூளை ஒரு காரணம். அந்த மாடியில் பேச்சுச் சத்தம் கேட்பது அவனால் மட்டும்தான் என்பது இன்னொரு காரணம். இரண்டாவதை அவர் அவனிடம் சொன்னதில்லை.

"கடைத்தெரு பூரா விசாரிச்சிட்டேன்," என்றான் மக்பூல். "இந்த ஊர்ல பொன்னையான்னு மூணு பேரு. ஒருத்தரு உள்ள இருக்கிறவரு. ஒருத்தருக்குக் கண்ணு தெரியாது. மூணாவது ஆளு இன்னும் தொட்டில்ல படுத்திருக்கான். குட்டையா, தங்கப் பல்லு வச்சு, நல்லாப் பாடுற பொன்னையாவ யாருமே பாத்ததில்ல. தங்கப் பல்ல ஒளிக்க முடியுமா சார்ஜன்? அவன் சிரிச்சா அடகுக்கடைக்காரன் பின்னாலயே வருவானே!"

"அதான் எனக்கும் இடிக்குது," என்றார் அழகுமுத்து.

வழக்கு இதுதான். வெள்ளிமலைத் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் செல்லசாமிக்குப் பாறை ஏறுவதில் பைத்தியம். சனிக்கிழமை, நண்பன் பொன்னையாவுடன் பாறை ஏறப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை. இன்று செவ்வாய். வழக்கமாக அவர் ஏறும் கொத்மலைப் பக்கத்துப் பாறைகளின் அடியில் ஆறு பெருக்கெடுத்து ஓடியது. பொன்னையா அவரைத் தள்ளிவிட்டான், ஆறு கொண்டுபோய்விட்டது என்று பொலிஸார் முடிவு கட்டினார்கள். நண்பன் கினிகத்தேனைக்காரன் என்று தோட்டமே சொன்னதால், அந்தப் பெயரில் அகப்பட்ட ஆளைப் பிடித்து அடைத்தார்கள்.

செல்லசாமி சாகவில்லை என்று நம்பியது ஒரே ஓர் ஆள். தோட்டத்து மருத்துவச்சி சண்முகவடிவு. அழகுமுத்துவைத் தேடி வந்ததும் அவள்தான்.

அவர்கள் வெள்ளிமலைக்குப் போய்ச் சேர்ந்தபோது, சண்முகவடிவு டிஸ்பென்சரியின் பின்புறம் காத்திருந்தாள். நாற்பதை நெருங்கிய பெண். வெள்ளைச் சேலை, கையில் டெட்டோல் வாசனை. அவளுடைய வீடும் செல்லசாமியின் வீடும் ஒரே கூரையின் கீழ். நடுவில் ஒரு பலகைச் சுவர் மட்டுந்தான். செல்லசாமியின் கதவை அவளே திறந்துவிட்டாள்.

ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி. கதவுக்குப் பின்னால் மழைக்கோட்டும் குடையும் தொங்கின. மழைக்கோட்டைத் தொட்டுப் பார்த்தார் அழகுமுத்து. முறுக்காகக் காய்ந்திருந்தது.

"இவருகிட்ட வேற மழைக்கோட்டு இருக்காம்மா?"

"இல்லிங்க. இது ஒண்ணுதான்."

"சனிக்கிழம இங்க மழைதானே?"

"ஊத்துச்சுங்க. ரயில் ஸ்டேஷன் பக்கம் போற தோட்டத்து லொறியிலதான் ஏறிப் போனாரு."

"மழைக்கோட்ட விட்டுட்டா?"

சண்முகவடிவு விழித்தாள். "இது எனக்குத் தோணவே இல்லிங்களே. மழைன்னா அவரு பாறையில கைய வைக்க மாட்டாரு. வழுக்குறதுல ஈரப் பாறையும் சவர்க்காரக் கட்டியும் ஒண்ணும்பாரு. அதனாலதான் கொத்மலைக்குப் போயிருக்க மாட்டாருன்னு பொலிஸ்காரங்ககிட்ட தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன். கேக்கல."

"வேற எங்கயாச்சும் ஏறணும்னு சொல்லுவாரா?"

"குடைக்கல்லு. ரெண்டு வருஷமா அதே பேச்சுத்தான். ஒஹிய ஸ்டேஷனுக்குக் கீழ இருக்குதாம். ஆனா மழை விட்டாத்தான் போவேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. மழைதான் விடலயே."

அழகுமுத்து மேசையைப் பார்த்தார். ஒரு தட்டில் இரண்டு கரட் கிழங்குகள், இலையோடு. ஒன்றை எடுத்து விரலால் தேய்த்தார். அதில் ஒட்டியிருந்த மண் மாவு போல உதிர்ந்தது.

"இது எங்க வாங்குனது?"

"மரக்கறி லொறிக்காரன் வெள்ளிக்கிழம கொண்டாந்தது. வெலிமடைப் பக்கத்துச் சாமான். டிஸ்பென்சர் ஐயாவும் இப்பிடித்தாங்க, மண்ணத் தேச்சுப் பாத்தாரு. பாத்துட்டுச் சிரிச்சாரு. கரட்டப் பாத்து ஏன் சிரிக்கிறாருன்னு நெனச்சேன்."

"மக்பூல், நம்ம பக்கத்துக் கரட்ட இப்ப தோண்டுனா எப்பிடி வரும்?"

"சேத்துக்குள்ள குளிச்சிட்டு வரும் சார்ஜன்."

"இது குளிக்கல. வெலிமடையில மண்ணு காஞ்சு கெடக்கு. பட்டிப்பொல ஸ்டேஷனத் தாண்டுனா, ஒஹியவுலயும் இந்த மாசத்துல மழை கெடையாது. மழை விடுற வரைக்கும் அவரு காத்திருக்கலம்மா. மழை பெய்யாத பக்கத்துக்குப் போயிட்டாரு."

சண்முகவடிவு கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழகுமுத்து ஏற்கெனவே சுவரைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். அங்கே புகைப்படங்கள் ஒட்டியிருந்தன. எல்லாவற்றிலும் செல்லசாமி, ஏதோ ஒரு பாறையின் முன்னால், ஒல்லியாக, தொப்பியுடன்.

"எல்லாம் பொன்னையா அண்ணன் எடுத்த படம்," என்றாள் அவள்.

"பொன்னையா இருக்கிற படம்?"

"அவருக்குப் படம் எடுத்தா புடிக்காதாங்க. ரொம்பக் கூச்சமாம்."

"நீங்க அவரப் பாத்திருக்கீங்களா?"

"இல்லிங்க. சாயந்தரம் இருட்டுல வந்துட்டு, விடியுமுன்ன போயிருவாராம். ஆனா டிஸ்பென்சர் ஐயா எல்லாம் சொல்லுவாரு. தங்கப் பல்லு, பாட்டு, புளிச் சோறுன்னா உசுர விடுவாருங்கிறது... போன வருஷம் டிஸ்பென்சர் ஐயா தனியா ஏறி, தோள்பட்டை விலகி வந்தாரு. தோட்டத்த நடத்துற பெரிய துரை கூப்பிட்டு, இனிமே ஆள் தொணை இல்லாம ஏறுனா வேலையில வச்சிக்க மாட்டேன்னுட்டாரு. நல்ல வேளையா அந்த வாரமே பொன்னையா அண்ணன் பழக்கமானாரு."

அழகுமுத்து சட்டென்று தரையில் குப்புறப் படுத்தார். தாடையைத் தரையில் வைத்து, அங்கிருந்து சுவரில் இருந்த படங்களை அண்ணாந்து பார்த்தார்.

"என்ன சார்ஜன், கரப்பான் பூச்சிய விசாரிக்கிறீங்களா?" என்றான் மக்பூல்.

அழகுமுத்து எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். இரண்டு படங்களை உரித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"பதுளை ரயிலப் புடிக்கணும். வண்டிய எடு."

*

ரயில் பட்டிப்பொலவைத் தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. மூடுபனியும் தூறலும் கண்ணாடியில் வழிந்தன. பெட்டியில் அவர்கள் இருவர் மட்டும்.

"ஒரு சந்தேகம் சார்ஜன்," என்றான் மக்பூல். "ரெண்டு பேரு பாறையில ஏறுனாங்க. ஒருத்தருக்கு ஏதோ ஆச்சு. மத்தவன் எங்க? வந்து சொல்ல வேணாமா? ஊர்ல ஒருத்தரு அவன் பேருக்கு அடி வாங்கிக்கிட்டு இருக்காரு. கூட்டாளியப் போட்டுட்டு ஓடுறவன் மனுசனா?"

அந்த நேரம் வண்டி மலையைக் குடைந்த குகைக்குள் நுழைந்தது. இருட்டு, கரிப் புகை, சக்கரங்களின் இரைச்சல். மறுபுறம் வெளியே வந்தபோது மக்பூல் கண்ணை மூடிக்கொண்டான். வெயில் முகத்தில் அடித்தது. வானம் துடைத்துவிட்டாற்போல் நீலமாக இருந்தது. மலைச்சரிவுகளில் புல் மஞ்சளாகக் காய்ந்து, காற்றில் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது.

"அல்லாவே! குகைக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு, இந்தப் பக்கம் ஒரு நாடா?"

ஒஹிய நிலையத்தில் இறங்கிய பயணிகள் அவர்கள் மட்டும்தான். கொடி பிடிக்கும் போர்ட்டரிடம் அழகுமுத்து சிங்களத்தில் விசாரித்தார். சனிக்கிழமை, தோளில் கயிறு, தொப்பி, ஒல்லியான மனிதர். போர்ட்டருக்கு நன்றாக நினைவிருந்தது.

"கூட எத்தனை பேர்?"

"தனியம, மாத்தயா."

தனியாகத்தான். நண்பன் அடுத்த வண்டியில் வருவான் என்று அந்த மனிதர் சொன்னாராம். அடுத்த வண்டியில் யாரும் இறங்கவில்லை. அவரோ காத்திருக்கவும் இல்லை; பாதையில் இறங்கிப் போய்விட்டார்.

"சரிதான்," என்றான் மக்பூல். "பொன்னையா வேற வழியா வந்து பாறைக்கிட்ட நின்னிருப்பான்."

அழகுமுத்து பையிலிருந்து அந்த இரண்டு படங்களையும் எடுத்து அவன் கையில் வைத்தார்.

"நல்லாப் பாரு. கீழ என்ன தெரியுது?"

"புல்லு. பெரிசு பெரிசா, மங்கலா."

"நின்னுக்கிட்டு எடுத்தா புல்லு இப்பிடி மறைக்குமா?"

"மறைக்காது. கெமராவத் தரையில வச்சிருக்கான்... அந்தப் படத்துலயும் அப்பிடித்தான்."

"எல்லாப் படத்துலயும் அப்பிடித்தான். வீட்டுல ஒவ்வொண்ணாப் பாத்தேன். இப்ப செல்லசாமியப் பாரு. ஒரு கால் இன்னும் முழுசா ஊனல. ஓடி வந்து நின்ன மாதிரி. வாய் தொறந்திருக்கு, மூச்சு வாங்குது. கெமராவுல ஒரு விசை இருக்கு. முறுக்கி விட்டுட்டு ஓடிப் போய் நின்னா, அதுவா படம் எடுக்கும்."

மக்பூல் படங்களிலிருந்து தலையைத் தூக்கினான்.

"அப்ப பொன்னையா?"

"அப்பிடி ஒரு ஆளே இல்ல. துரைக்காகச் சொன்ன பேரு அது. அப்புறம் பல்லு வச்சாரு, பாட்டு வச்சாரு, புளிச் சோறு ஊட்டி வளத்தாரு."

மக்பூல் படங்களைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான்.

பிறகு இரண்டு பேரும் நடையை ஓட்டமாக்கினார்கள். விழுந்த மனிதருக்குத் துணையில்லை என்றால், உதவிக்குப் போக ஆளும் இல்லை. போர்ட்டர் தண்டவாளம் பழுதுபார்க்கும் ஆட்கள் இருவரைக் கயிறும் சாக்குத் தொட்டிலுமாகப் பின்னால் அனுப்பினார்.

குடைக்கல் பெயருக்கு ஏற்றபடி நின்றது. மெலிந்த தண்டு போன்ற பாறை. மேலே அகன்று கவிந்த தலை. பாறை காய்ந்து சூடாக இருந்தது. காற்றுதான் ஆளைத் தூக்கியது. அழகுமுத்து கையைக் குவித்து, "செல்லசாமி ஐயா!" என்று கூப்பிட்டார். காற்று அதை வாங்கிக்கொண்டு போயிற்று. மறுபடி கூப்பிட்டார். பாறையைச் சுற்றி வந்து மூன்றாம் தடவை கூப்பிட்டபோது, தலைக்கு மேலே, தென்னை உயரத்தில் ஒரு விளிம்பில், ஒரு தொப்பி நகர்ந்தது.

வறண்ட குரல் ஒன்று கேட்டது.

"யாரு... பொன்னையாவா?"

அழகுமுத்து வாயைத் திறந்தார். மக்பூல் அதற்குள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாறையில் கையை வைத்திருந்தான்.

"ஆமாங்க," என்று மேலே பார்த்துச் சொன்னான். "வந்துட்டேன். அசையாம இருங்க."

*

நிலையத்து மேடையில் படுக்க வைத்து, வெந்நீரும் சீனியும் கொடுத்த பிறகு செல்லசாமிக்குக் காய்ச்சல் சற்றுத் தணிந்தது. வலது காலைத் தாமே கயிற்றுத் துண்டாலும் விளிம்பில் கிடந்த காய்ந்த குச்சிகளாலும் வரிந்து கட்டியிருந்தார். வைத்தியம் தெரிந்த கை. அதுதான் அவரைக் காப்பாற்றியது. அதுவும், பாறை இடுக்கில் கசிந்த தண்ணீரும்.

"மழையத்தான் கணக்குப் பாத்தேன்," என்றார் மெதுவாக. "கரட்டெல்லாம் தேச்சுப் பாத்தேன். இந்தப் பக்கத்துக் காத்த நெனைக்கவே இல்ல. எறங்கும்போது தூக்கி அடிச்சிருச்சு." பிறகு அழகுமுத்துவின் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு, இல்லிங்களா?"

"தெரிஞ்சுச்சு."

"யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. பெரிய துரைக்குத் தெரிஞ்சா வேலை போயிரும். தோட்டமே சிரிக்கும். அவன் ஓடிப் போயிட்டான்னு சொல்லிக்கலாம். போனவன் போனவனாவே இருக்கட்டும்."

"இருக்கட்டும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா கினிகத்தேனையில பொன்னையான்னு ஒருத்தரு இருக்காரு. பேக்கரியில மாவு பெசையிறவரு. உங்களத் தள்ளிக் கொன்னாருன்னு அடைச்சு வச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழம எங்க இருந்தாருன்னு அவருக்காகச் சொல்ல ஒரு ஆளும் இல்ல."

செல்லசாமி கண்ணை மூடிக்கொண்டார். காற்று நிலையத்துத் தகரக் கூரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"இவரு உசுரோட இருக்காருன்னு மட்டும் சொன்னா பத்தாதா சார்ஜன்?" என்று மக்பூல் அழகுமுத்துவைப் பார்த்துக் கேட்டான்.

"பத்தாது. கூட்டாளிய விட்டுட்டு ஓடுனவன்னு அவர அடைச்சே வச்சிருப்பாங்க."

"அவர அடிச்சாங்களா?" என்றார் செல்லசாமி, கண்ணைத் திறக்காமல்.

"அடிச்சாங்க."

"என்னைய ஸ்டேஷன் மாஸ்டர் ரூமுக்குத் தூக்குங்க. நானே பொலிஸுக்குப் போன்ல சொல்றேன்."

தூக்கிப் போனார்கள். கதவு திறந்தே இருந்தது. பொன்னையா என்று ஒருவரும் இல்லை, எப்போதுமே இருந்ததில்லை, நான் தனி ஆள்தான் என்று அவர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. லைன் சரியில்லை, எதிர்முனையில் கேட்கவில்லை. இரண்டாம் தடவை கத்திச் சொன்னார். மேடையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

*

மறுநாள் காலை வெள்ளிமலையில் மழை ஓயவில்லை. அழகுமுத்து சண்முகவடிவிடம் எல்லாவற்றையும் சொன்னார். பேக்கரிக்காரரை விட்டுவிட்டார்கள். செல்லசாமி பதுளை ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கால் கூடிவிடும். பெரிய துரை என்ன செய்வார் என்பது தெரியாது. கடைசியாக, பொன்னையாவைப் பற்றியும் சொன்னார்.

அவள் கையில் இருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"சாயந்தரத்துல சுவத்துக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேக்கும்," என்றாள். "சிரிப்புக் கேக்கும். கூட்டாளி வந்திருக்காருன்னு நெனச்சு, நான் சத்தம் போடாம சட்டி பானை கழுவுவேன். அவங்களுக்கு எடைஞ்சலா இருக்கக்கூடாதுன்னு."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அழகுமுத்துவும் மக்பூலும் தாழ்வாரத்தில் நின்றார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்கு மறைப்பாகப் படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மேட்டில் வரிசையாக ஏறிப் போனார்கள். போகலாமா என்று மக்பூல் கண்ணால் கேட்டான். கொஞ்சம் இரு என்று அழகுமுத்து கையைக் காட்டினார்.

கதவு திறந்தது. சண்முகவடிவு வேறு சேலை கட்டியிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"பதுளைக்கு ரயில் எப்பங்க?"

"மத்தியானந்தான். பாக்கப் போறீங்களாம்மா?"

"பாக்கப் போகல. ஒண்ணு கேக்கப் போறேன்." கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "போன தைப்பொங்கலுக்கு மறுநாள், நானும் ஒருக்கா கூட வரட்டுமான்னு கேட்டேன். பாறை ஏற இல்ல. கீழ உக்காந்து பாக்கத்தான். பொன்னையா இருக்கான், எடம் பத்தாதுன்னாரு."

படியில் இறங்கி மழைக்குள் நடந்தாள்.

"அது எப்பிடிப் பத்தாமப் போச்சுன்னு கேக்கப் போறேன்."